மார்பகப் புற்றுநோய் ஆய்வில் சேரச் சொன்னால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6,70,000 பேர் அந்த நோயால் உயிரிழந்தனர். இன்று இந்நோய்க்குத் தரப்படும் சிகிச்சைகளில் நம்பத் தகுந்தவை பெரும்பாலும், முன்பு பல்லாயிரம் பெண்கள் மருத்துவ ஆய்வுகளில் சேரச் சம்மதித்ததால் நமக்குக் கிடைத்தவை. அந்தச் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது, அவர்களிடம் உண்மை சொல்லப்பட்டதா என்பதையும் ஆய்வின் முடிவுகளுக்கு இணையாக மதிக்க வேண்டும் என்று கருதுகிறேன். நோய் கண்டறியப்பட்ட சில நாட்களிலேயே ஒப்புதல் படிவம் ஒன்றைக் கையில் வாங்கும் பெண்ணும் அவரோடு வரும் வீட்டாரும் கேட்கும் கேள்விகளை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவரின் ஆலோசனைக்கு இவை ஈடாகமாட்டா.

மருத்துவ ஆய்வு என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு சிகிச்சை பாதுகாப்பானதா, பயன் தருகிறதா என்பதை, முன்கூட்டியே எழுதி வைத்த திட்டத்தின்படி மனிதர்களிடம் சோதித்து அறிவதே மருத்துவ ஆய்வு. முதற்கட்டத்தில் மிகச் சிலரிடம் மருந்தின் தாங்கக்கூடிய அளவு பார்க்கப்படும். இரண்டாம் கட்டத்தில் நோயின் மீது அதற்கு ஏதேனும் செயல் உண்டா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான பேரிடம், இப்போது வழக்கத்தில் உள்ள சிகிச்சையோடு புதியது ஒப்பிடப்படும்; யாருக்கு எது என்பது பெரும்பாலும் குலுக்கல் முறையில் முடிவாகும். உங்களிடம் ஆய்வைப் பற்றிப் பேசுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இது எந்தக் கட்டம் என்பதுதான்.

எது நல்ல சிகிச்சை என்று மருத்துவருக்குத் தெரியாதா? குலுக்கல் முறையில் சிகிச்சையை முடிவு செய்வது எப்படி நியாயமாகும்?

இதற்கு மார்பகப் புற்றுநோயின் வரலாறே பதில் சொல்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் அறுவை முறையை நிலைநாட்டினார். மார்பகத்தோடு, அதன் அடியில் உள்ள மார்புத் தசைகளையும் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒட்டுமொத்தமாக அகற்றிவிடுவதே அந்த முறை. புற்றுநோய் ஓரிடத்தில் தொடங்கி அடுத்தடுத்த இடங்களுக்குப் பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் அதன் அடிப்படையாக இருந்தது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றிய அந்த எண்ணத்தை முறையாக ஒப்பிட்டுச் சோதிக்க நெடுங்காலம் யாரும் முன்வரவில்லை. முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, விலா எலும்புகள் தெரியும்படி குழிந்துபோன மார்போடும், வீங்கிக் கனத்த கையோடும், முழுதாக உயர்த்த முடியாத தோளோடும் பெண்கள் வாழ்ந்தார்கள். அறுவை செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தாங்கள் செய்வது சரி என்று மனமார நம்பியவர்கள். யாரும் ஐயப்படாததால்தான் அந்த வழக்கம் அத்தனை காலம் நீடித்தது.

1971-இல் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையிலான குழுவினர் அமெரிக்காவில் அந்த முறையை, தசைகளை விட்டுவைக்கும் எளிய அறுவையோடு குலுக்கல் முறையில் ஒப்பிடத் தொடங்கினார்கள். உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. 1976-இல் தொடங்கிய அடுத்த ஆய்வு, மார்பகம் முழுவதையும் அகற்றுவதையும் கட்டியை மட்டும் அகற்றுவதையும் ஒப்பிட்டது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி 1973-லேயே இதை ஒத்த ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தார். இரண்டு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகளும் 2002-இல் வெளிவந்தன: உயிர் பிழைத்தோர் விகிதம் ஒன்றாகவே இருந்தது. கட்டியை மட்டும் எடுத்தவர்களில் கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற்ற பெண்களில் 14.3 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 39.2 சதவீதத்தினருக்கும் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது என்பதையும் அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்று லட்சக்கணக்கான பெண்கள் மார்பகத்தை இழக்காமல் குணமடைகிறார்கள் என்றால், எந்தக் குழுவில் தாம் விழுவோம் என்று தெரியாமலேயே அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள்தான் அதற்குக் காரணம்.

எது மேல் என்பதில் உண்மையான ஐயம் இருக்கும்போது மட்டுமே குலுக்கல் நியாயமாகும். தனியொரு மருத்துவருக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கலாம். ஆனால் அத்துறை வல்லுநர்களிடையே ஒட்டுமொத்தமாகக் கருத்து வேறுபாடு நிலவினால் ஆய்வு அறத்துக்கு உட்பட்டதே என்று மருத்துவ அறவியலாளர் பெஞ்சமின் ஃப்ரீட்மன் 1987-இல் எழுதினார். இந்தத் துறையில் இன்றும் அதுவே அளவுகோல். ஒரு சிகிச்சை தாழ்ந்தது என்று முன்பே தெரிந்திருந்தும் ஒரு குழுவினருக்கு அதைத் தருவது ஆய்வு ஆகாது, அது தவறு.

என்னைச் சோதனை எலியாகப் பயன்படுத்துகிறார்களா?

அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. நாஜி மருத்துவர்கள் முகாம்களில் செய்த கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம் 1947-இல் நூரம்பர்க் நெறிகளை வகுத்தது; சோதிக்கப்படும் மனிதரின் சுயவிருப்பமான சம்மதம் முற்றிலும் இன்றியமையாதது என்பதே அதன் முதல் நெறி. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சின்கி பிரகடனத்தை வெளியிட்டது. இவை இருந்தும், அமெரிக்காவின் டஸ்கீகியில் மேகநோய் (சிஃபிலிஸ்) கண்ட ஏழைக் கறுப்பின ஆண்களுக்குப் பென்சிலின் கிடைத்த பின்னும் அதைத் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் 1972 வரை, மொத்தம் 40 ஆண்டுகள், வேடிக்கை பார்த்தார்கள். காகிதத்தில் உள்ள நெறி தானாக யாரையும் காப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆகவே இன்று ஆய்வு தொடங்கும் முன், அதை நடத்துபவர்களிலிருந்து வேறுபட்ட நெறிமுறைக் குழு ஒன்று திட்டத்தைப் படித்து அனுமதி தர வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவம் சாராதவர்களும் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஹெல்சின்கி பிரகடனத்தின் 2024-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆய்வுக்கு உட்படுவோரைச் சுட்டிய பழைய சொல்லை நீக்கிப் ‘பங்கேற்பாளர்’ என்று குறிக்கிறது. சிறிய மாற்றம்தான் என்றாலும் நான் அதை வரவேற்கிறேன்: பங்கேற்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

மருந்துப்போலியைக் கொடுத்து என் நோயை முற்ற விடுவார்களா?

மருந்துச் சத்து இல்லாத, பார்வைக்கு மருந்து போலவே இருக்கும் மாத்திரையையோ ஊசியையோ மருந்துப்போலி என்கிறோம். பயனுள்ள சிகிச்சை இருக்கும் நோய்க்கு, அதை நிறுத்திவிட்டு மருந்துப்போலியை மட்டும் தருவது அறமாகாது. புற்றுநோய் ஆய்வுகளில் அது வரும்போது பெரும்பாலும், எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சையைக் கொடுத்து, அதன் மேல் ஒரு குழுவுக்குப் புது மருந்தையும் மற்றதற்கு மருந்துப்போலியையும் சேர்ப்பார்கள். வழக்கமான சிகிச்சை முடிந்தபின் மேலும் ஏதேனும் கொடுப்பதால் பயன் உண்டா என்று பார்க்கும் ஆய்வுகளிலும் அது பயன்படும். உங்கள் ஆய்வில் மருந்துப்போலி உண்டா, உண்டென்றால் எதனோடு சேர்த்து என்பதைப் படிவம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் கையெழுத்தை நிறுத்தி வையுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் சம்மதம் தந்ததாக ஆகிவிடுமா?

கையெழுத்து என்பது சம்மதம் தந்ததற்கு அடையாளம் மட்டுமே. இரண்டும் வேறு வேறு என்பதை மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களைப் போல அறிந்தவர்கள் குறைவு. 1970-கள் வரை பல நாடுகளில் இருந்த வழக்கம் இது: மார்பில் கட்டி என்று வரும் பெண்ணிடம் அறுவைக்கு முன் ஒரே கையெழுத்து வாங்கப்படும். மயக்கத்தில் இருக்கும்போதே கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து உறையவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்றுநோய் என்றால் மயக்கம் தெளியும் முன்பே மார்பகம் அகற்றப்பட்டுவிடும். கண் விழித்ததும் அந்தப் பெண் தன் கையால் மார்பைத் தடவிப் பார்த்துத்தான் தனக்கு என்ன நோய் என்று அறிந்துகொண்டாள். பத்திரிகையாளரான ரோஸ் குஷ்னர், 1974-இல் தமக்கு நோய் வந்தபோது இதற்கு உடன்பட மறுத்தார். பிற பெண்களுக்காகவும் தொடர்ந்து போராடினார். 1979-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் கூட்டம், திசுப் பரிசோதனையையும் அறுவையையும் தனித்தனியே செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் இருந்த, மருத்துவர் அல்லாத ஒரே உறுப்பினர் குஷ்னர்.

முன்பு சொன்ன, 1976-இல் தொடங்கிய ஃபிஷரின் ஆய்விலும் இதே இடத்தில் ஒரு நெருடல் உண்டு. பெண்கள் சேர்வது மெதுவாக இருந்ததால், 1978-இல் முறையை மாற்றினார்கள்: முதலில் குலுக்கல், பின்பு எந்தக் குழுவில் விழுந்தார் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லி, அதற்கு ஒப்புதல் கேட்பது. ‘எது நல்லது என்று எங்களுக்குத் தெரியாது’ என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது மருத்துவர்களுக்குக் கடினமாக இருந்ததே இதற்குக் காரணம். சேர்க்கை வேகமெடுத்தது. ஆனால் குலுக்கலின் விடை தெரிந்த பின் பேசும் மருத்துவர், அந்த விடைக்குச் சாதகமாகவே விளக்கத் தொடங்கிவிடும் ஆபத்து இருந்தது. அந்த முறை இன்றளவும் விமரிசிக்கப்படுகிறது. ஆய்வின் முடிவு பெண்களுக்கு நன்மை செய்தது என்பதால் இந்தக் குறையை மூடி மறைக்க எனக்கு மனமில்லை.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட படிவம் அது. வயதான ஒரு பெண்ணுக்கு அவருடைய மகள் அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கங்களின் மூலைகள் பல இடங்களில் மடக்கப்பட்டிருந்தன. ஆய்வுப் பணியாளர் படிவத்தை வாங்கி மூடி வைத்துவிட்டு, “அம்மா, இப்போது நீங்கள் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், இதில் என்ன செய்யப் போகிறோம்?” என்று கேட்டார். அந்தப் பெண் சற்று யோசித்து, “இந்த மருந்து எனக்குக் கேட்குமா என்று பார்க்கவா, இல்லை, எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகவா?” என்று திருப்பிக் கேட்டார். பணியாளர் உடனே பதில் சொல்லவில்லை. பின்பு, “பின்னால் வருகிறவர்களுக்காகத்தான் அம்மா. உங்களுக்கும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்” என்றார். அந்தப் பெண் அன்று கையெழுத்திடவில்லை. நான்கு நாட்கள் கழித்து வந்து கையெழுத்திட்டார். சம்மதம் என்பது இப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பெண் கேட்ட கேள்வியில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. ஆய்வில் செய்யப்படும் ஒவ்வொன்றும் தனக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது என்று நோயாளி எண்ணிக்கொள்வது மிக இயல்பு. சிகிச்சையின் நோக்கம் உங்களைக் குணப்படுத்துவது; ஆய்வின் நோக்கம் அறிவைப் பெறுவது. நல்ல ஆய்வு இரண்டையும் சேர்த்துச் சுமக்கும். ஆனால் இரண்டும் ஒன்றே என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

புது மருந்து நல்லது என்று எல்லோரும் சொல்லும்போது, ஆய்வுக்கு வெளியே நேரடியாக அதைக் கேட்டு வாங்கக் கூடாதா?

உயிருக்குப் போராடுபவர் இதைக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆயினும் ஒரு துயரமான கதையைச் சொல்லியாக வேண்டும். 1990-களில், மிக அதிக அளவு கீமோதெரபி கொடுத்து, அதனால் அழியும் எலும்பு மஜ்ஜைக்கு ஈடாக நோயாளியிடமே முன்பு எடுத்து வைத்த மஜ்ஜையைத் திரும்பச் செலுத்தினால் முற்றிய மார்பகப் புற்றுநோய் குணமாகும் என்ற நம்பிக்கை பரவியது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வுகள் சிறப்பான முடிவுகளைக் காட்டியிருந்தன. உண்மையில் அவற்றில் சேர்க்கப்பட்டவர்கள் இளையவர்களாகவும் வலுவான உடல்நிலை உள்ளவர்களாகவும் இருந்தார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் செலவை ஏற்க மறுத்தபோது வழக்குகள் எழுந்தன; 1993-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கில் 8 கோடியே 90 லட்சம் டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. சிகிச்சை வெளியிலேயே கிடைத்ததால், குலுக்கலுக்கு உட்படப் பெண்கள் முன்வரவில்லை. விடை தந்திருக்க வேண்டிய ஆய்வுகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. 1999-இல் முடிவுகள் வந்தபோது, வழக்கமான கீமோதெரபியைவிட அது மேலானது அல்ல என்று தெரிந்தது. மேலானது என்று காட்டிய ஒரே ஆய்வு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்தது. அதை நடத்தியவர் முடிவுகளைத் திரித்ததாக 2000-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தக் கடும் சிகிச்சையைத் தாங்கியிருந்தார்கள். சிலர் சிகிச்சையாலேயே இறந்திருந்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே பத்தாண்டில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்த புற்றுநோய்க்கு எதிரான டிராஸ்டுசுமாப் என்ற மருந்து சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வேறு வழியற்ற நோயாளிகளுக்குக் கருணை அடிப்படையில் அதைத் தர வேண்டும் என்று பெண்கள் போராடினார்கள். மருந்து போதிய அளவில் இல்லாததால், ஆய்வுக்கு வெளியே குலுக்கல் மூலம் சிலருக்குக் கொடுக்கப்பட்டது. 1998-இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 469 பெண்களைக் கொண்ட முதன்மை ஆய்வில், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம்) 20.3 மாதம், டிராஸ்டுசுமாப்பும் பெற்றவர்களுக்கு 25.1 மாதம். ஒப்பீட்டுக் குழுவில் நோய் முற்றியவர்களுக்குப் பின்னர் இம்மருந்து தரப்பட்டும் இந்த வேறுபாடு நின்றது. அதே ஆய்வுதான் அம்மருந்தால் இதயம் பாதிக்கப்படும் ஆபத்தையும் வெளிக்காட்டியது. மஜ்ஜைச் சிகிச்சையும் இதுவும் தொடக்கத்தில் ஒரே அளவு நம்பிக்கையோடு பேசப்பட்டவை. எது உண்மை என்று சொன்னது ஒப்பீடு மட்டுமே.

நடுவிலேயே விடை தெரிந்துவிட்டால் ஆய்வை நிறுத்துவார்களா?

ஆய்வை நடத்துபவர்கள் பார்க்க முடியாத இடைக்கால விவரங்களைத் அவர்களைச் சாராத கண்காணிப்புக் குழு ஒன்று பார்க்கும். தீங்கு தெரிந்தால் நிறுத்தச் சொல்லும். மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டின் என்ற ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த அமெரிக்க ஆய்வு, திட்டமிட்ட எட்டரை ஆண்டுக்குப் பதிலாக 2002-இல், சராசரியாக 5.2 ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் உள்ளிட்ட தீங்குகள் நன்மையை மிஞ்சியிருந்தன. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்பதும், 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்துக்கொண்டால் 8 பேருக்குக் கூடுதலாக வரும் என்பதும் ஒரே முடிவின் இரண்டு வடிவங்கள். யாராவது சதவீதம் சொன்னால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

நன்மை தெரிந்து நிறுத்துவதுதான் சிக்கலானது. டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையை ஐந்து ஆண்டு எடுத்து முடித்த 5,187 பெண்களிடம், லெட்ரோசோல் என்ற மற்றொரு ஹார்மோன் தடுப்பு மாத்திரையை மருந்துப்போலியோடு ஒப்பிட்ட ஆய்வு, 2003-இல் இடைநிலையாக 2.4 ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. நோய் திரும்புவது குறைந்திருந்ததால் மருந்துப்போலி பெற்ற பெண்களுக்கும் மருந்து தர முன்வந்தார்கள். பங்கேற்றவர்களுக்கு அது நியாயம். ஆனால் அதை எத்தனை ஆண்டு எடுப்பது, எலும்புக்கு நாளடைவில் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு அந்த ஆய்வால் தெளிவாக விடை சொல்ல முடியாமல் போயிற்று. ஆய்வில் உள்ள பெண்ணின் நலனும் பின்னால் வரும் பெண்ணின் நலனும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. தயக்கம் வரும் இடங்களில் நான் ஆய்வில் உள்ள பெண்ணின் பக்கமே நிற்பேன். அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறுக்கமாட்டேன்.

கட்டி வளராமல் நின்றால் போதாதா? ஏன் ஆயுட்காலத்தையும் பார்க்க வேண்டும்?

பெவாசிசுமாப் என்ற மருந்து 2008-இல் அமெரிக்காவில், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு விரைவு அனுமதி பெற்றது. அதைச் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றாமல் இருந்த காலம் 5.9 மாதத்திலிருந்து 11.8 மாதமாகக் கூடியிருந்தது. ஆனால் அந்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. பின்வந்த ஆய்வுகளில் நோய் நின்ற காலமும் அவ்வளவு கூடவில்லை. இரத்தக் கசிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற தீங்குகள் மட்டும் நிலைத்தன. 2011-இல் விசாரணை நடந்தபோது, அந்த மருந்தாலேயே தாங்கள் உயிரோடு இருப்பதாக நம்பிய பெண்கள் நேரில் வந்து அனுமதியை நீக்க வேண்டாம் என்று மன்றாடினார்கள். அவ்வாண்டு நவம்பரில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பெண்களின் வேதனையை எண்ணாமல் இந்த முடிவைப் பற்றிப் பேசக் கூடாது. ஆயினும் முடிவு சரியானது என்றே கருதுகிறேன். ஸ்கேனில் தெரியும் அளவும் வாழ்நாளும் ஒன்றல்ல.

சிகிச்சையைக் குறைத்துப் பார்க்கும் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். இது செலவை மிச்சப்படுத்தும் வழியா?

இந்த ஐயம் இயல்பானது. ஆனால் இத்தகைய ஆய்வுகளை நான் மிகவும் மதிக்கிறேன். ஹார்மோனால் தூண்டப்படும் வகையினதாய், கணுக்களுக்குப் பரவாத நோய் கொண்ட 10,273 பெண்களைச் சேர்த்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. கட்டியில் உள்ள 21 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, நோய் திரும்பும் வாய்ப்புக்கான மதிப்பெண் நடுத்தரமாக வந்தவர்களைக் குலுக்கல் முறையில், ஹார்மோன் தடுப்பு மாத்திரை மட்டும் பெறுவோர், கீமோதெரபியும் சேர்த்துப் பெறுவோர் என்று பிரித்தார்கள். மொத்தத்தில் கீமோதெரபியால் கூடுதல் பயன் இல்லை. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் சிறிது பயன் தெரிந்தது. முடி உதிர்வையும் நரம்பு மரத்துப்போவதையும் தேவையின்றித் தாங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். குறைத்துப் பார்க்கும் ஆய்வில் சேரும்போது, எவ்வளவு கூடுதல் ஆபத்து ஏற்கத்தக்கது என்று முன்பே வரையறுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த எண் கட்டாயம் திட்டத்தில் இருக்கும்.

நோயே வராதவர்களுக்கு மருந்து கொடுத்துச் சோதிப்பது முறையா?

நோயாளி ஏற்கும் தீங்கை நலமாக உள்ளவரும் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதால் இங்கே அளவுகோல் கடுமையாகிறது. நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 13,388 பெண்களிடம் டாமாக்சிஃபெனைச் சோதித்த ஆய்வு 1998-இல் முன்கூட்டியே வெளியிடப்பட்டது. மருந்துப்போலி பெற்றவர்களில் 175 பேருக்கும் மருந்து பெற்றவர்களில் 89 பேருக்கும் மார்பகத்தில் பரவும் தன்மையுள்ள புற்றுநோய் வந்தது. கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வந்தவர்களோ மருந்துப்போலிக் குழுவில் 15 பேர், மருந்துக் குழுவில் 36 பேர். இவற்றை ஒரே தராசில் வைத்து எடை போட வேண்டியவர் அந்தப் பெண்தான். மருத்துவர் எண்களை மறைக்காமல் தர வேண்டும்.

என் திசுவையும் மரபணு விவரத்தையும் என்ன செய்வார்கள்?

உலகெங்கும் மார்பகப் புற்றுநோய் ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் எம்.சி.எஃப்-7 என்ற செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்), 1970-இல் 69 வயதான ஒரு கன்னிகாஸ்திரீயின் நெஞ்சுக்கூட்டில் தேங்கிய நீரிலிருந்து எடுக்கப்பட்டது. ஏழாவது முயற்சியில் வளர்ந்ததால் அந்த எண். ஹார்மோன் தடுப்பு மருந்துகள் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்தச் செல்களுக்குக் கடன்பட்டது. ஒருவரின் திசு அவருக்குப் பின் அரை நூற்றாண்டு வாழ முடியும் என்பதால், அதற்குத் தனி ஒப்புதல் கேட்பதே முறை: இந்த ஆய்வுக்கு மட்டுமா, எதிர்காலத்தில் எதற்குமா, வணிக நிறுவனத்துக்கும் தருவார்களா?

மரபணுவின் கதை இன்னும் கூர்மையானது. பரம்பரையாக மார்பகப் புற்றுநோய் வருவதற்குக் காரணமான மரபணு ஒன்று 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1990-இல் காட்டினார். 1994-இல் அதைப் பிரித்தெடுத்த நிறுவனம் காப்புரிமையும் பெற்று, அமெரிக்காவில் அந்தப் பரிசோதனையைத் தன் கையில் மட்டுமே வைத்திருந்தது. இயற்கையில் உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. குடும்பம் குடும்பமாக இரத்தம் கொடுத்தவர்களின் பங்களிப்பால் கிடைத்த அறிவு அது. மேலும், உங்கள் மரபணு முடிவு உங்கள் சகோதரியையும் மகளையும் பற்றிய செய்தியும் ஆகும். முடிவு தெரிந்தால் யாரிடம் சொல்வது என்பதை இரத்தம் கொடுக்கும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

யார் ஆய்வுகளில் விடுபடுகிறார்கள்?

முதியவர்கள், வேறு நோயும் உள்ளவர்கள், மருத்துவமனையிலிருந்து தொலைவில் வாழ்பவர்கள், ஆய்வின் மொழி தெரியாதவர்கள். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 1 சதவீதமான ஆண்களும் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டார்கள். பெண்களிடம் கண்டதை வைத்தே அவர்களுக்கு மருந்து தரப்படுகிறது.

சேர்க்கப்படுவதிலும் அநீதி நிகழலாம். மும்பையில் 1998-இல் தொடங்கி 1,51,538 பெண்களிடம் நடந்த ஆய்வு, பயிற்சி பெற்ற பணியாளர் கையால் தடவிப் பரிசோதிப்பதால் மார்பகப் புற்றுநோய் மரணம் குறையுமா என்று பார்த்தது. 50 வயதுக்கு மேற்பட்டோரில் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததாக 2021-இல் வெளிவந்த முடிவு, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே கருவி எட்டாத பெண்களுக்கு மிகவும் மதிப்புள்ளது. அதே ஆய்வில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பகுதியும் இருந்தது. ஒப்பீட்டுக் குழுப் பெண்களுக்கு விழிப்புணர்வுக் கல்வி மட்டும் தந்து பரிசோதனை செய்யாமல் விட்டது சரியா என்ற கடும் விவாதம் அதைச் சுற்றி எழுந்தது. அங்கே வழக்கத்தில் பரிசோதனையே இல்லை என்பது ஒரு பக்கத்தின் வாதம். பயன் உண்டு என்று உலகம் அறிந்த ஒன்றை ஏழைகளிடம் மட்டும் மறுபடி ஐயப்படலாமா என்பது மறுபக்கத்தின் வாதம். இரண்டாவது வாதத்தை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

முடிவுகளைத் திரித்தால் என்ன ஆகும்?

ஃபிஷரின் குழுவுக்கு நோயாளிகளைச் சேர்த்த மருத்துவமனைகளில் ஒன்று மாண்ட்ரியாலில் இருந்தது. 1990-இல், அங்கிருந்து வந்த ஒரே அறுவைக் குறிப்பின் இரண்டு படிகளில் அறுவைத் தேதி மட்டும் வெவ்வேறாக இருந்ததை விவரங்களைச் சரிபார்ப்பவர்கள் கவனித்தார்கள். தோண்டப்போனபோது, தகுதியற்றவர்களைச் சேர்ப்பதற்காகப் பல ஆண்டுகளாகப் பதிவுகள் மாற்றப்பட்டது தெரியவந்தது. 1994-இல் செய்தித்தாள் வழியாகவே பொதுமக்கள் இதை அறிந்தார்கள். மார்பகத்தை விட்டுவைத்த அறுவையை நம்பித் தேர்ந்தெடுத்த பெண்கள் கலங்கிப்போனார்கள். அந்த மருத்துவமனையின் விவரங்களை முழுவதும் நீக்கிக் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை. ஆனால் தெரிந்த நாளிலேயே சொல்லாமல் போனது திருத்த முடியாத பிழை. ஆய்வு தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும், முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும் என்ற இன்றைய விதிகள், இப்படி மறைப்பதைக் கடினமாக்குகின்றன.

சேர்ந்த பின் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலேயே விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. மருந்தைத் திடீரென நிறுத்துவதில் ஆபத்து இருக்கலாம் என்பதால், விலகும் முடிவை மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகச் செய்யுங்கள். அதுவரை சேர்ந்த விவரங்கள் ஆய்வில் இருக்கக்கூடும். இரத்தத்தையும் திசுவையும் அழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கையெழுத்திடும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

இந்த ஆய்வில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும் என்பதே முதற்கேள்வி. அதற்கு நேரான பதில் கிடைக்காத இடத்தில் மற்றவற்றைக் கேட்டுப் பயனில்லை. எந்தப் பரிசோதனைகள் கூடுதலாக வரும், எத்தனை முறை வர வேண்டும், பயணத்துக்கும் பரிசோதனைக்கும் யார் பணம் தருவார்கள், ஆய்வால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு, ஆய்வு முடிந்த பின் மருந்து பயன் தந்தால் தொடர்ந்து கிடைக்குமா என்று கேளுங்கள். மருத்துவருக்கு இந்த ஆய்வால் நிதி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விடாத இடத்தில் கையெழுத்திடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. கீமோதெரபி நாட்களில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல், சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். அப்போது அழைக்க வேண்டிய அவசரத் தொலைபேசி எண் படிவத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தனித்தாளில் பெரிதாக எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். கையெழுத்திடும் முன்பே ஓர் இரவில் அந்த எண்ணை அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.